சந்தை கலையும் நேரத்து விலை

செந்தாமரை அக்காவுக்குக் காலை விலைக்கு எதையும் வாங்கிப் பழக்கமில்லை. மலையிலிருந்து சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு கலசப்பாக்கம் சந்தைக்கு வருவார். விற்று முடித்ததும் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். சந்தை கலைகிற நேரத்தில், வியாபாரி சாக்கை உதறும்போதுதான் எழுந்துபோய் மிஞ்சிய தக்காளியைக் கேட்பார். பாதி விலைக்குக் கிடைக்கும். கணவர் போனபிறகு இப்படி மிச்சம் பிடித்துத்தான் மகள் சசிகலாவை நர்சிங் படிக்க வைத்தார்.

எனக்கு ஜமுனாமரத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். சாதிச் சான்றிதழ், பட்டா, கரண்ட் பில், இதுதான் பிழைப்பு. விமான டிக்கெட் கேட்டு என்னிடம் வந்த முதல் ஆள் அக்காதான். சசிகலா கல்யாணமாகிப் பினாங்கில் இருந்தாள். மாப்பிள்ளை ஜீவானந்தத்துக்கு அங்கே ஃபாக்டரியில் நைட் ஷிப்ட். மே இரண்டாம் வாரம் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைப்பிரசவத்துக்குத் தான் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். பாஸ்போர்ட்கூட எடுத்தாயிற்று. கையில் இருபதாயிரம் ரூபாய் இருந்தது.

அது பிப்ரவரி மாதம். போக வரப் பதினெட்டாயிரம் காட்டியது.

"பதினெட்டா? பதினஞ்சுக்கு வுடுவானா, கேளு தம்பி."

"இதுல கேக்கறதுக்கு ஆளே கெடையாதுக்கா. போட்ட வெலதான். நாள் நெருங்க நெருங்க ஏறும். இப்பவே போட்டுடலாம்."

அக்கா என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அது எப்பிடி ஏறும்? சீட்டு காலியா போனா அவனுக்கு இன்னா லாபம்? கெளம்பற நேரத்துல வந்த வெலைக்கு ஏத்திக்கினுதான் போவணும்."

நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. அந்த நியாயம் விமானத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வந்தார். நாசமாய்ப் போக, எண்ணூறு ரூபாய் குறைந்திருந்தது! "பாத்தியா? எனக்கா வெல தெரியாது?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மார்ச்சில் இருபத்திரண்டாயிரம். ஏப்ரலில் பள்ளி விடுமுறைக் கூட்டம் சேர்ந்துகொள்ள, முப்பத்தொன்று. சசிகலா போனில் கெஞ்சினாள். "அம்மா, மிச்சத்த அவரு போடறேங்கறாரு. கெளம்பி வாம்மா."

"மாப்ள காசுல தலைப்பிரசவம் பாக்க வர்றதா? ஊரு சிரிக்காது?"

நான் கோபத்தில் கீபோர்டைத் தட்டியதுதான் மிச்சம். அவர் கேட்காமல் நான் டிக்கெட் போட முடியுமா?

ஏப்ரல் கடைசியில்தான் அக்காவுக்குப் பயம் வந்தது. நல்ல விலைக்காகப் பூட்டி வைத்திருந்த புளியை வந்த விலைக்குத் தள்ளினார். இரண்டு ஆடுகளையும் விற்றார். முப்பத்தொன்று சேர்ந்தது. காலை பஸ்ஸில் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு முப்பத்தெட்டு. என்னிடமும் ஏழாயிரம் இல்லை. அக்கம்பக்கத்துக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், யாரும் அசையவில்லை. கடைசியில் அக்காவே, "மாப்ளையக் கேளு தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எனக்கே தாங்கவில்லை. ஜீவானந்தம் கையிலிருந்ததை முதல் நாள்தான் ஆஸ்பத்திரியில் கட்டியிருந்தார்.

மறுநாள் நாற்பத்தொன்று. அதற்கு மறுநாள் நான் பார்க்கவே இல்லை.

மே ஒன்பதாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. மலைக்குள் இருக்கும் அக்காவின் ஊரில் சிக்னல் எடுக்காது என்பதால் என் கடைக்குத்தான் சசிகலாவின் போன் வந்தது; ஆள் அனுப்பி அக்காவை வரவழைத்துப் பேசவைத்தேன். "ஷிப்டுல இருந்தாரும்மா. வலி வர்றசொல்ல பக்கத்துல யாருமே இல்ல. ஒன்னியதான் கூப்ட்டுனே இருந்தேன்." அக்கா போனைக் காதில் வைத்தபடி, "வந்துடறேன் கண்ணு, வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எப்படி வருவார்? சேர்த்த பணத்தையெல்லாம் அந்த வாரமே பினாங்குக்கு அனுப்பினோம். குழந்தையைக் குளிப்பாட்டவும் பத்தியம் சமைக்கவும் அங்கே ஒரு அம்மாளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

ஜூன் மாதம், சாமை விதைப்புக்கு நடுவே, அக்கா நிலத்துக்குச் சிட்டா எடுக்க வந்தார். எடுத்துக் கொடுத்தேன். போகவில்லை.

"இன்னிக்கு இன்னா வெல தம்பி?"

பார்த்தேன். பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். இருந்ததையே சொன்னேன்.

"பதினாலாயிரத்து எண்ணூறு."

அக்கா சிட்டாவை நான்காக மடித்தார். "நான் சொன்னேன்ல, எறங்கும்னு" என்றார். பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, கடையில் ஆள் இருப்பதையும் மறந்து அழுதார்.