காக்கை தொடாத சோறு

நேற்று மாலை அடித்த காற்றில் எங்கள் ஜீவனஹள்ளி வீட்டுக் கொல்லை மாமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. அப்பா போவதற்கு முன் வைத்துவிட்டுப் போன மரம்.

பின்கதவை அடைத்துக்கொண்டு கிடந்தது. காலையில் ரம்பம் எடுத்துக் கிளைகளை நான்தான் அறுத்தேன். ஒரு கிளையில் காக்கைக்கூடு நசுங்கியிருந்தது.

இன்று அமாவாசை. அப்பாவுக்குப் படைத்த சோற்றை அம்மா வழக்கம்போல் கொல்லை மதில்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டாள்.

வந்தன. மதில் நெடுக உட்கார்ந்தன. ஒன்றுகூடச் சோற்றைத் தொடவில்லை. கரையவும் இல்லை. எல்லாம் என்னையே பார்த்தன.

"மொதல்ல ரம்பத்த உள்ள வைடா," என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி.

"காத்துல விழுந்த மரம்மா. நானா வெட்டுனேன்?"

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?"

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். சோறு காய்ந்துவிட்டது. அவை நகரவில்லை.

ஆபீஸ் போக வேண்டும். வண்டி கொல்லையில் நிற்கிறது. ஹெல்மெட்டும் அதன்மேலேயே இருக்கிறது.

நேற்றைய காற்றை நேரில் பார்த்தவர்கள் யாராவது வந்து, அப்பாவிடம் எனக்காகச் சாட்சி சொல்கிறீர்களா?