பிரிக்காமல் வைத்திருந்த பொட்டலம்

மாதேஸ்வரன் மலைச் சாமி மாதப்பாவை நம்பி மலையேறுகிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். கூச்சம்தான் தடுத்தது. சாமி காப்பாற்றியதைச் சொன்னால் நான் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டுமே!

என் பெயர் செல்வி. பிறந்தது ஹனூர்ப் பக்கம். கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி. நான் ஊதுவத்தி கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், ரம்யா.

போன மார்கழியில் அவள் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. ஆனால் வீட்டில் யாரும் யாருடனும் பேசவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

சம்பந்தம் கொண்டுவந்தவர் குமரேசன் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. மலைக்கு நடந்து போகும் எங்கள் குழுவுக்குப் பதினைந்து வருடமாக அவர்தான் தலைவர். என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து படுத்திருந்தபோது தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனவர். அவர் பேச்சை நாங்கள் தட்டியதே கிடையாது. மாப்பிள்ளை அவருடைய அக்கா மகன். கொள்ளேகால் பக்கம் சொந்த நிலம், டிராக்டர் என்றார்.

ரம்யாவுக்குப் பிடிக்கவில்லை. கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும். "பேடா அம்மா. அவங்க வீட்டுக்கு நம்மள இதுவரைக்கும் கூப்பிடவே இல்ல. ஃபோன்ல பேசிட்டே இருக்கப்ப கட் பண்ணிடறாரு. நனகே பேடா," என்றாள். எனக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

நான் கேட்கவில்லை. சாமியிடம் பூ கேட்டுவிடலாம் என்றேன். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் வைத்து, கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

எங்கள் ஏரியாவில் இருக்கிற சின்ன மாதேஸ்வரன் கோவிலில் கேட்டோம். மல்லிகையும் சிவப்பு அரளியும் வாங்கி, பொட்டலம் மடித்து, நூல் சுற்றிக் கொண்டுவந்தது அண்ணன். எடுத்தது நான். பிரித்தேன். மல்லிகை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னொண்ணப் பிரிக்கக் கூடாது அம்மிணி. நஞ்சன்கூடு போறப்ப ஆத்துல விட்டுப்போடு," என்றார் அண்ணன்.

ரம்யா அதற்குப் பிறகு மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டாள். "சாமி சொல்லிடுச்சுன்னு சொல்லி என் வாயை அடைச்சிட்டியேம்மா. இனி நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. வேலையில் கை ஓடவில்லை. ஒருநாள் காலையில் விளக்கேற்றி வைத்து அழுதேன். "அப்பா மாதப்பா, நீ சொன்னாய் என்றுதான் சரி என்றேன். என் பிள்ளை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அது உன் வாக்குதானா? எனக்குக் காட்டு." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் பத்திரிகை சாமிக்கு. அதை வைக்கலாம் என்று பூஜை அலமாரியை ஒதுக்கினேன். திருநீற்றுத் தட்டுக்குப் பின்னால் அந்த இரண்டாவது பொட்டலம் கிடந்தது. நாளைக்கு விடலாம், அடுத்த வாரம் விடலாம் என்று தள்ளிப்போட்டு மறந்தே போயிருந்தேன். கையில் எடுத்ததும் நைந்துபோன நூல் நழுவி, காகிதம் விரிந்து, காய்ந்த பூக்கள் உள்ளங்கையில் கொட்டின.

அரளி இல்லை. பழுப்பேறிப்போன மல்லிகை.

இரண்டிலும் மல்லிகை. எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். இத்தனை நாள் சாமியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சாமி பாவம், ஒன்றுமே சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பத்திரிகை வாங்கிப் போக அண்ணன் வந்தார். அந்தக் காகிதத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். இது என்ன என்றுகூட அவர் கேட்கவில்லை.

"ஆத்துல விடச் சொன்னனே அம்மிணி..." என்றார்.

எனக்கு அது போதும். என் வீட்டுக்காரர்தான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனார். நான் நடுவில் விழுந்து தடுத்தேன். "அக்கா பையன் வாழ்க்கை எப்படியாச்சும் சரியாவட்டும்னு பண்ணிப்போட்டேன்," என்று அண்ணன் முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாளே வீட்டுக்காரர் கொள்ளேகால் பஸ் ஏறி, மாப்பிள்ளை ஊருக்குப் போய் விசாரித்தார். டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்களாம். அவனுக்கு முன்பே கல்யாணமாகி, அடி தாங்காமல் அந்தப் பெண் கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கிறாள். முறையான விவாகரத்துகூட ஆகவில்லை.

கல்யாணத்தை நிறுத்தினோம். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பேசட்டும். அன்று ராத்திரி ரம்யா தானாகவே தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சாமிக்குத் தெரிந்ததை உங்களிடம் மறைப்பானேன்? அதற்கும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வருடம் ரம்யாவும் நானும் "உகே மாதப்பா" என்று வாழ்த்திக் கூப்பிட்டுக்கொண்டே மலைக்கு நடந்தோம். சன்னிதியில் எதுவும் கேட்கவில்லை. நன்றி மட்டும் சொன்னேன். சோம்பலில் மறந்தேனோ, அவன் மறக்கவைத்தானோ, அந்தப் பொட்டலம் என் வீட்டிலேயே இருந்ததே, அதற்கு.

அவனை நம்புங்கள். பயப்படாமல் கேளுங்கள், காட்டுவான். பூ கேட்பதானால் பொட்டலத்தை உங்கள் கையாலேயே மடியுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். நான் கோவில் படி ஏறுவதற்கு முன்பே, என் சமையலறையில் நின்று என் மகள் "பேடா" என்று சொன்னாள். அவன் எனக்குக் கொடுத்த வாக்கு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.