ஆறாம் இலக்கம் கையசைத்த இருக்கை

சச்சிதானந்தனுக்கு உதைபந்தாட்டத்தில் பெரிய பைத்தியம் ஒன்றும் இருந்ததில்லை. பைத்தியம் அவருடைய மனைவி கிருஷ்ணகுமாரிக்குத்தான். இருவரும் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், கையுறைக்குள் விரல் விறைக்க விறைக்க மீன் வெட்டிக்கொண்டே வானொலியில் ஆட்ட வர்ணனை கேட்டு நோர்வேஜிய மொழி படித்தவள் அவள். நன்றி சொல்லப் பழகுவதற்கு முன்னமே நடுவரைத் திட்டப் பழகிவிட்டாள் என்று சச்சி சொல்லிச் சிரிப்பார்.

ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து ரொம்சோஸில் வீடு எடுத்த பிறகு, குமாரி ஒரு சின்னக் கழகத்தைத் தத்தெடுத்தாள். பழைய கருங்கல் அகழ்விடம் ஒன்றின் அடியில் அதன் மைதானம் இருந்ததால் எல்லோரும் அதைக் கல்லுக்கழகம் என்பார்கள். மைதானத்தின் ஒரு பக்கம் மரப்பலகை இருக்கைகள், மறுபக்கம் வெட்டி விட்ட பாறைச் சுவர். அங்கே கத்தினால் கத்தியது பாறையில் பட்டுக் கொஞ்சம் பிந்தித் திரும்பி வரும். மூன்றாம் வரிசையில் ஓரத்து இருக்கை குமாரியுடையது, அதற்குப் பக்கத்து இருக்கை சச்சியுடையது. அவள் ஒரு காலை மடித்து இருக்கையில் வைத்து, சிவப்புச் சால்வையை மூக்குவரை சுற்றிக்கொண்டு, கண் வெட்டாமல் பார்ப்பாள். சச்சி ஏதாவது கதைத்தால் காதில் விழாது.

கழகம் ஒருமுறை கடனில் மூழ்கப் பார்த்தது. அப்போது வருடாந்தக் கூட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் சம்பளம் ஒரு மட்டத்துக்கு மேல் போகக்கூடாது. நோர்வேஜிய மொழியில் அதைச் சம்பளக் கூரை என்பார்கள். குமாரியும் சச்சியும் அங்கத்தவர்கள். இருவரும் கை உயர்த்தினார்கள். கழகம் பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக ஒரு பயம் பிடித்தது. யாராவது ஒரு பெடியன் கொஞ்சம் மின்னத் தொடங்கினால் போதும், பெரிய கழகம் ஒன்று மோப்பம் பிடித்து வரும். கூரைக்கு மேலே கொடுக்க வழியில்லை. கோடை முடியும்போது அவன் போய்விடுவான். பின் வரிசையில் இருக்கும் பஸ் சாரதி றஜீவ், நன்றாக ஆடுகிறவனைப் பார்த்து, "டேய், கொஞ்சம் பிழையா அடியடா, கொண்டு போயிடுவாங்கள்" என்று தமிழில் கத்துவான். பாறை அதைத் திருப்பிக் கத்தும். பார்த்திருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அடுத்த பந்து அவன் காலுக்கு வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தது ஆறாம் இலக்கத்துக்காக. அந்தச் சட்டையைப் போடுகிற திலக்சன் ரொம்சோஸில் பிறந்தவன். குமாரி வேலை செய்த சிறுவர் காப்பகத்தில்தான் அவன் நடக்கத் தொடங்கியதும். அதனாலோ என்னவோ, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மைதானத்துக்குள் இறங்கியவுடன் மூன்றாம் வரிசையைப் பார்த்து இரண்டு தரம் கை உயர்த்துவான். முதலாவது குமாரிக்கு. இரண்டாவது சச்சிக்கு. குமாரி தேத்தண்ணிக் கோப்பையை உயர்த்திக் காட்டுவாள்.

அந்த மாசி மாதத்துக் காலை, குமாரி வழமைபோல வேலைக்கு வெளிக்கிட்டாள். முதல் நாள் மழை பெய்து, இரவு உறைந்து, பாதை கண்ணாடியாகக் கிடந்தது. அவள் கதவைச் சாத்திய பிறகுதான் சச்சி பார்த்தார். பனியில் வழுக்காமல் சப்பாத்துக்கு அடியில் மாட்டும் இரும்புமுள் சோடி வாசல் தட்டில் அப்படியே இருந்தது. எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். அவள் படியிறங்கி முற்றத்தில் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

அவர் கூப்பிடவில்லை. வெளிக்கிட்டுப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக்கூடாது. அப்படிக் கூப்பிட்டுவிட்டால் அவர் திரும்பி வந்து, கதிரையில் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துத்தான் மறுபடி வெளிக்கிடவேண்டும். இல்லாவிட்டால் போகிற காரியம் சரிவராது. அந்த வீட்டில் இந்த வழக்கத்தை ஒரு நாளும் விடாமல் பிடித்துவைத்திருந்தவளே குமாரிதான். ஒருமுறை கைத்தொலைபேசியை விட்டுவிட்டுப் போனபோது அவர் கூப்பிட்டதற்கு, தண்ணீரைக் குடித்துவிட்டு மூன்று நாள் கதைக்காமல் இருந்தாள். சச்சி இரும்புமுள்ளைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

ரயில் நிலையத்துக்கு இறங்கும் சரிவில் அவள் விழுந்தாள். பின்மண்டை அடிபட்டது. ஆசுப்பத்திரியில் கண் திறக்கவேயில்லை.

செத்தவீட்டில் திலக்சன் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. இலைதுளிர் காலத்து முதல் ஆட்டத்துக்கு றஜீவ்தான் சச்சியை இழுத்துக்கொண்டு போனான். வீட்டுக்குள் இருந்து சுவரைப் பார்ப்பதற்கு இங்கே வந்து பாறையைப் பாருங்கோ அண்ணை என்றான்.

சச்சி தன் இருக்கையில் இருந்தார். பக்கத்து இருக்கையை யாரும் எடுக்காதபடி கையுறையை அதில் போட்டார். ஆட்டக்காரர் இறங்கினார்கள். ஆறாம் இலக்கம் மூன்றாம் வரிசையைப் பார்த்தது. ஒருமுறை கை உயர்த்தியது. கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை.

பழக்கதோஷம் என்று சச்சி நினைத்தார். அடுத்த ஆட்டத்திலும் இரண்டுமுறை. அதற்கடுத்ததிலும். ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் வேலியோரம் நின்று அவனைக் கூப்பிட்டு, அது வேண்டாம் மகன், மனம் தாங்குதில்லை என்றார். திலக்சன் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலாகப் பின்னுக்கு, இருக்கைகளைப் பார்த்தான்.

"அன்ரி இருக்கிறா தானே, அங்கிள்."

"நீ செத்தவீட்டுக்கு வந்தனி."

"ஓம். தெரியும். எனக்கும் முதல் ரெண்டு நாள் நித்திரை வரேல்லை. ஆனா இருக்கிறா. காலை மடிச்சுக்கொண்டு."

சச்சி திரும்பிப் பார்த்தார். பலகை இருக்கை. அதன் மேல் அவருடைய கையுறை. என்னைப் பார்க்கிறாவோ என்று கேட்டார். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

"இல்லை அங்கிள். மச்சைத்தான் பாக்கிறா." அவன் கொஞ்சம் சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஒண்டு கேக்கோணும். ஏன் அன்ரி இந்த வெய்யிலுக்கையும் சப்பாத்துக்கு முள்ளுப் போட்டிருக்கிறா? எழும்பேக்கை பலகையில டிக் டிக் எண்டு கேக்குது."

இரும்புமுள்ளைப் பற்றிச் சச்சி ஒருவரிடமும் சொன்னதில்லை. பொலிஸிடம் இல்லை, றஜீவிடம் இல்லை. வீட்டுக்கு வந்து மின்விளக்கைப் போடாமல் தட்டைத் தடவினார். முள் சோடி இருந்த இடத்தில்தான் இருந்தது. வைகாசி மாதம், வீட்டுக்குள் வியர்க்கிற சூடு. இரும்பு மட்டும் வெளியிலிருந்து இப்போதுதான் கொண்டுவந்ததுபோலக் குளிர்ந்தது.

அதன் பிறகு சச்சி ஓர் ஆட்டம் விடவில்லை. கையுறையை இருக்கையில் போடுவதையும் நிறுத்திவிட்டார். அதன்மேல் அவள் இருப்பது எப்படி என்று யோசனை. இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றுவார். ஒன்று ஆறிப்போகும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் வேலியோரம் திலக்சன் இரண்டொரு சொல் சொல்லிவிட்டுப் போவான். இண்டைக்குச் சால்வையைக் கழட்டினவா. மூண்டாவது கோலுக்கு எழும்பி நிண்டவா. அந்த இரண்டொரு சொல்லை வைத்துக்கொண்டு சச்சி அடுத்த கிழமைவரை இருப்பார். தபால் பிரிக்கும் வேலைத்தலத்தில் அவர் பாட்டுக்குச் சிரித்ததைப் பார்த்து, இன்னொரு கலியாணம் ஏதும் பேசுகிறார்களோ என்று கேட்டார்கள்.

ஆடி மாதம் றஜீவ்தான் செய்தியைக் கொண்டுவந்தான். வடக்கிலிருந்து ஒரு பெரிய கழகம் ஆறாம் இலக்கத்தைக் கேட்கிறது. கல்லுக்கழகம் கூரையின் உச்சிவரை கொடுத்துப் பார்த்துவிட்டது. அதற்கு மேல் ஒரு குரோனும் கொடுக்க விதி விடாது. ஆதரவாளர்கள் மைதானத்துக் கோப்பிக் கடையில் கூடினார்கள். ஒருவர் கூரையை மாற்றவேண்டும் என்றார். மாற்ற வருடாந்தக் கூட்டம் வரவேண்டும், அதற்குள் பெடியன் போய்விடுவான் என்றார் இன்னொருவர். கிழவி ஒருத்தி அழுதாள்.

"ஆர் இந்தக் கூரைக்குக் கை தூக்கினது?" என்று றஜீவ் பகிடியாகக் கேட்டான். சச்சி கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எல்லோரும் பயந்தது ஓர் ஆட்டக்காரனை இழப்பதற்கு. அவன் போனால் மூன்றாம் வரிசையின் ஓரத்து இருக்கை வெறும் பலகையாகிவிடும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வேறு யாருக்காவது தெரிகிறதா என்று அவர் பார்த்துவிட்டார். கோல் காப்பாளனிடம் சாடையாகக் கதை கொடுத்தார். பந்து பொறுக்கும் பிள்ளைகளிடமும் கேட்டார். ஒருவர் கண்ணுக்கும் படவில்லை.

ஆட்டக்காரர் கழகம் மாறக்கூடிய கடைசி நாள் ஆவணி முடிவில் வந்தது. அன்று பின்னேரம் திலக்சன் பயணப் பையோடு சச்சி வீட்டுக்கு வந்தான். விமான நிலையத்துக்குப் போகிற வழி. தாய் சொல்லி அனுப்பியிருக்கிறாள், பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போ என்று. தேத்தண்ணி குடித்தான். அன்று கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும் என்றான். போகிற சந்தோசமும் போகிற துக்கமும் அவன் முகத்தில் மாறி மாறி வந்தன. கேட்பதற்குச் சச்சியிடம் ஒன்றுதான் இருந்தது.

"அவவுக்குச் சொன்னனியோ?"

"ஓம் அங்கிள். கடைசி மச் முடிஞ்சு எல்லாரும் போனாப் பிறகு கிட்டப் போய்ச் சொன்னனான். ஒண்டும் சொல்லேல்லை. ஆனா எழும்பினவா."

"எழும்பி?"

திலக்சன் சப்பாத்தை மாட்டினான். குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். போட்டு வாறன் என்றான். கதவு சாத்திக்கொண்டது.

அப்போதுதான் சச்சி தட்டைப் பார்த்தார். இரும்புமுள் சோடி அங்கே இல்லை.

அவர் கதவைத் திறந்தார். படிக்கட்டில் வெளிச்சம் தாராளமாக இருந்தது. ஒரு மாடி கீழே திலக்சன் இறங்கிக்கொண்டிருந்தான். றப்பர்ச் சப்பாத்து, சத்தமில்லை. ஆனால் அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு நடை இறங்கியது. டிக், டிக், டிக். ஆவணி வெய்யிலில் காய்ந்து கிடந்த சீமெந்துப் படியில் இரும்புமுள். அவசரமில்லாத நடை. முப்பது வருடம் கேட்ட நடை.

அவள் தன்னைப் பார்க்க வரவில்லை, ஆட்டத்தைத்தான் பார்க்க வந்தாள் என்பது அப்போது அவருக்கு விளங்கியது. ஆறாம் இலக்கம் எங்கேயோ, அவளும் அங்கே. வடக்கே, மறுபடி அந்தக் குளிருக்குள்.

பெடியனைக் கூப்பிட்டால் அவன் திரும்பவேண்டும். அந்தத் தாய் வளர்த்த பிள்ளை, இருந்து தண்ணீர் குடிக்காமல் போகமாட்டான். சகுனம் பிழைத்ததென்று மனம் குழம்பிவிடும். விமானம் போய்விடும். கூரைக்குக் கீழேயே கிடப்பான். சச்சி வாயைத் திறந்தார்.

வாயில் வந்தது அவனுடைய பெயர் அல்ல.

"குமாரி, நில்லும்."

கீழே திலக்சன் திரும்பவில்லை. அது அவனுடைய பெயர் இல்லையே. ஒரு கணம் தோள் மட்டும் இறுகியது. பிறகு கடைசிப் படியையும் இறங்கி, முற்றத்தைக் கடந்து, ரயில் நிலையச் சரிவுப்பக்கம் போனான். இரும்புமுள் சத்தம் நின்றுவிட்டது. வெகுநேரம் நின்றது. சச்சி கைபிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

பிறகு அது படியேறத் தொடங்கியது.

அவர் கதவை அகலத் திறந்து ஒதுங்கினார். சத்தம் அவரைக் கடந்து உள்ளே போனது. கூடத்துப் பலகை நிலத்தில் கிழிபடுகிற மாதிரி ஒலித்து, சாப்பாட்டு மேசைவரை போனது. ஒரு கதிரை கொஞ்சம் அசைந்தது. சச்சி குசினிக்குள் போய் ஒரு தம்ளரை எடுத்தார். கூப்பிட்டவர் தண்ணீர் கொடுக்கவேண்டும். குழாயில் கை வைத்தார். குடித்துவிட்டால் அவள் மறுபடி வெளிக்கிடலாம் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

அவர் குழாயைத் திறக்கவில்லை. தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

திலக்சன் வடக்கில் நன்றாக ஆடுகிறான். மைதானத்துக்குள் இறங்கும்போது முன்போலக் கை உயர்த்துவதில்லை என்று தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சச்சி கல்லுக்கழகத்துக்குப் போவதை விட்டுவிட்டார். அவருடைய இரண்டு இருக்கைகளிலும் இப்போது வேறு ஆட்கள். ஆறாம் இலக்கச் சட்டையைப் போடுகிற புதுப் பெடியனும் நல்ல ஆட்டக்காரன் என்கிறார்கள், எல்லோருக்கும் மறுபடி பயம் தொடங்கிவிட்டது.

ஐப்பசியில் றஜீவ் அவரைப் பார்க்கப் போனான். சச்சி நன்றாகத்தான் இருந்தார், கொஞ்சம் மெலிந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரை தொலைக்காட்சிப் பக்கம் திரும்பியிருந்தது. அதில் இருக்கப் போனவனை வேறு கதிரையில் இருத்தினார். நிலமெங்கும் புள்ளி புள்ளியாக ஏதோ குத்தியிருந்தது, எலியோ என்று றஜீவ் கேட்டான். சச்சி சிரித்தார். தேத்தண்ணி கொடுத்தார், தோடம்பழச் சாறு கொடுத்தார், பலகாரம் கொடுத்தார். பலகாரம் தொண்டையில் அடைத்து, அண்ணை கொஞ்சம் தண்ணி தாங்கோ என்று றஜீவ் எழுந்து குசினிப் பக்கம் போனான்.

சச்சி அவனுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டார். திரும்பியிருந்த கதிரையை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்சை வேண்டாம். கீழை போய்க் குடி."