என் ஆயுளுக்குப் பேரம் பேசினார்கள்

எனக்கு வந்தது ஊரில் யாரும் கேள்விப்படாத நோய். தசையெல்லாம் சீக்கிரம் களைத்துப்போகும். காலையில் நன்றாக இருக்கிற கண்ணிமை சாயங்காலம் தானாகச் சரிந்துவிடும். நாலு வாய் மெல்லுவதற்குள் தாடை ஓய்ந்து, சோறு தொண்டையிலேயே நிற்கும். ஒருநாள் புரையேறிச் சாகக் கிடந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அதுவரைக்கும், "திங்கிறதுக்குக்கூடச் சோம்பேறித்தனம் பாக்குறவள இப்பத்தான் பாக்குறேன்" என்பதுதான் என் மாமியார் கண்டுபிடித்து வைத்திருந்த வியாதி.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். நெஞ்சைத் திறந்து ஒரு சுரப்பியை எடுத்துவிடலாம். இல்லையென்றால் மாத்திரையிலேயே காலத்தை ஓட்டலாம். வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்றார். பாவம், எங்கள் வீட்டாரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்!

ஞாயிற்றுக்கிழமை ஆனையூரில் எங்கள் வீட்டில் பேச்சு நடந்தது. கப்பலூரில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணன் வந்திருந்தான். மாமியார்தான் ஆரம்பித்தார்.

"ஆபரேஷன்தான் தம்பி நல்லது. ஒரே செலவோட போயிரும். அதுவும் பிரசவம் மாதிரித்தான், தாய்வீட்டு முறையில்ல?"

என் மகள் பத்தாவது படிக்கிறாள். இந்த வயதில் எனக்கு இன்னொரு பிரசவம்! அண்ணன் மட்டும் சளைத்தவனா?

"அப்படிப் பாத்தா மாத்திரை சோறு மாதிரி அத்தை. வச்சுக் காப்பாத்துறவுகதான வாங்கித் தரணும்? மாத்திரையே போதும்."

என் கணவர் செல்போனை எடுத்தார். மாத்திரைக்கு ஆகும் மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கினார். அதற்கு மேல் விரல் நகரவில்லை.

"எத்தனை வருசம்னு போடுறது?"

"பத்து போடுங்க மாப்ள" என்றான் அண்ணன்.

"என்ன மச்சான், வாயில நல்ல வார்த்தையே வராதா? முப்பது போடுவோம்."

அடேங்கப்பா! இத்தனை வருடக் குடித்தனத்தில், நான் நெடுநாள் இருக்க வேண்டும் என்று இந்த மனுஷன் வாயைத் திறந்து சொன்னது அன்றைக்குத்தான். மாத்திரைக் கணக்கு ஏறினால்தானே ஆபரேஷன் மலிவாகத் தெரியும்! கூடப் பிறந்தவனோ கூச்சமே இல்லாமல் என் ஆயுளில் இருபது வருடத்தைக் கழித்துவிட்டான். எத்தனை வருடம் வேண்டும் என்று என்னை ஒரு நாயும் கேட்கவில்லை. கடைசியில் இருபது என்று பேரம் படிந்தது. சந்தையில் கத்தரிக்காயைக்கூட இதைவிட மரியாதையாக விலை பேசுவார்கள்.

அண்ணனையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் டாக்டரிடம் போனோம். கணவர் செல்போனை நீட்டி, எது லாபம் என்று கேட்டார். டாக்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஸ்கேன் ரிப்போர்ட் இப்பத்தான் வந்துச்சு. சுரப்பியில கட்டி தெரியுது. ஆபரேஷன் பண்ணியே ஆகணும். அதுக்கப்புறமும் மாத்திரை வேணும். போகப்போகத்தான் குறைக்க முடியும்."

இரண்டு செலவும் சேர்ந்து வந்து நின்றது. என் கணவர் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒண்ணுமே பண்ணாம விட்டா, எம்புட்டு நாள் சார் தாங்கும்?"

அண்ணன் அவரை அதட்டுவான் என்று பார்த்தேன். அவனும் பதிலுக்காக டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைக் கழற்றி டாக்டரின் மேசை மேல் வைத்தேன்.

"தேதி குடுங்க சார். இத வித்து நானே கட்டிக்கிறேன்."

"ஐயோ, தாலிடி அது!" என்று அலறினார் என் கணவர். எனக்கு நோய் என்று தெரிந்ததிலிருந்து அந்த மனுஷன் பதறிப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.