இறங்க ஒரு வாய், ஏற இரண்டு வாய்

லண்டன் நோர்பரியில் ஒரு முதியோர் இல்லத்தில் சிவமலரோடு துப்புரவு வேலை செய்த இசபெல், தேநீரை ஒருநாளும் நேரே வாயில் வைத்ததில்லை. முதலில் சன்னலோரத்துப் பூந்தொட்டியில் இரண்டு சொட்டுச் சரிப்பாள். பிறகுதான் குடிப்பாள். வருடக்கணக்காக இதே கதை.

“அந்தச் செடிக்கும் டீ பிரேக்கோ?” என்று சூப்பர்வைசர் ஞானரட்ணம் நக்கலடிப்பார்.

“நிலம்தான் முதலில் குடிக்கவேண்டும். லண்டனில் நிலம் தொட்டிக்குள்தானே இருக்கிறது,” என்பாள் அவள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

பெருவில், அந்தீஸ் மலைச்சரிவில் அவள் ஊர். வீட்டில் பேசுவது கெச்சுவா. ஊரைப் பற்றிக் கேட்டால் துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்துக் காட்டுவாள். அடியில் ஆற்றோரம் சோளம், நடுவில் உருளைக்கிழங்கு, நுனியில் புல்லும் குளிரும் அல்பாக்கா மந்தையும். ஒரே குடும்பத்துக்கு மூன்று உயரத்திலும் துண்டு நிலம் இருக்கும். தனியாகச் சமாளிக்க முடியாது. இன்று நீ என் கிழங்கைக் கிண்டினால் நாளை நான் உன் கிழங்கைக் கிண்டுவேன். கூலி கிடையாது. நாளுக்கு நாள்.

எண்பதுகளில் அடிவாரத்தில் ராணுவம் முகாம் போட்டது. அங்கே அவர்கள் பிடித்துக்கொண்டுபோன அவள் புருஷன் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் சிவமலரின் தம்பியும் அப்படித்தான் போயிருந்தான்.

தொண்ணூற்று நான்கில் இசபெலை அகதி விசாரணைக்குக் குரோய்டனுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைய அவள் வேலையையும் சிவமலரே செய்தாள்.

“அக்கா, உனக்கு நான் ஒரு நாள் தரவேண்டும்.”

“விசர்க் கதை கதையாதையும். அது கடனே?”

“கடன்தான். எந்த நாள் வேண்டும், சொல்.”

விட்டபாடில்லை. “சரி, ஆகஸ்டில வெஸ்ட் ஈலிங் அம்மனுக்குத் தேர். அண்டைக்கு என்ர ஷிப்டைச் செய்யும்,” என்றாள் சிவமலர். “அதை விடும். குரோய்டனில என்ன கேட்டவை?”

“ஊரிலிருந்து முகாம் எவ்வளவு தூரம் என்று. இறங்க ஒரு வாய் கொக்கா, ஏற இரண்டு வாய் என்றேன்.”

அவள் ஊரில் கொக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் நடப்பார்கள். சாரம் தீரும்வரை நடக்கும் தூரம் ஒரு வாய்.

“ஐயோ, மைலில ஒண்டைச் சொல்லியிருக்கலாமே!”

“மைல் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொன்னால் பொய் இல்லையா?”

ஜூலையில் அவள் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். ஒரே பாதைக்கு இரண்டு தூரம் சொன்னதும் ஒரு காரணமாம். தன் அகதி விசாரணையில் சிவமலர், ஊரிலிருந்து முகாமுக்கு “மூன்று மைல்” என்று பாடமாக்கி ஒப்பித்திருந்தாள். என்றைக்காவது அளந்து பார்த்தாளா? ஆனால் அவளை நம்பினார்கள்.

தேரன்று காலை பட்டுச்சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தபோது ஞானரட்ணம் போன் செய்தார்.

“தங்கச்சி, உம்மட சிநேகிதி வரேல்லை. விடிய இமிகிரேஷன்காரர் வீட்டுக்கே வந்து ஏத்திக்கொண்டு போட்டினமாம். பிளேனுக்குத்தான். இங்க ஒருத்தரும் இல்லை, வாறீரோ?”

“வாறன்.”

ஊசிகளைக் கழற்றினாள். அன்று இரண்டு மாடியையும் அவளே கூட்டித் துடைத்தாள். சன்னலோரத் தொட்டியில் மண் காய்ந்திருந்தது.

அடுத்த வருடத் தேருக்கு முதல் ஞானரட்ணம் தாமாகவே வந்து கேட்டார்: “புதுப் பெட்டை உம்மட ஷிப்டைச் செய்யிறாளாம். இந்த முறையாவது கோயிலுக்குப் போயிட்டு வாருமன்.”

“வேண்டாம் அண்ணை. அந்த நாள் இசபெல் தரவேண்டியது. அவவே தரட்டும்.”

இசபெலிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அந்த நாள் இன்னும் பாக்கி.