உள்ளது உள்ளபடி வாசி

நான் தமிழ் ஆசிரியன். முத்தையாபுரம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் தமிழ் எடுக்கிறேன். எனக்குப் பார்வை கிடையாது. பிறவியிலேயே அப்படி இல்லை. பள்ளியில் படிக்கும்போதே கரும்பலகை கொஞ்சம் கொஞ்சமாக மங்கத் தொடங்கி, கல்லூரிக்குப் போன வருடம் முழுதாக அணைந்துவிட்டது. அதனால் எழுத்துகளின் உருவம் எனக்குத் தெரியும். ‘ழ’ எப்படி வளைந்து இறங்கும், ‘ஞ’ எங்கே சுழிக்கும் என்பதெல்லாம் கைக்கு இன்னும் மறக்கவில்லை.

பாடம் நடத்துவதில் எனக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. செய்யுள் எல்லாம் மனப்பாடம். உரைநடையைப் போன் வாசித்துக் காட்டிவிடும். அச்சடித்த எழுத்தை அது பல வருடமாகவே வாசிக்கிறது. பிள்ளைகளின் கையெழுத்துதான் பாடு. அதை என் மனைவிதான் வாசிக்க வேண்டும்.

அவள் மணப்பாட்டுக்காரி. துறைமுகத்தில் ஏற்றுமதிச் சரக்குகளுக்கான தாள்களைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. பகலெல்லாம் அங்கே தாள் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் என் விடைத்தாள் கட்டோடு உட்காருவாள். வெறுமனே வாசிக்க மாட்டாள், கூடவே தீர்ப்பும் சொல்லுவாள்.

“இது நண்டு ஊர்ந்த எழுத்து. பாதிய நானாத்தான் ஊகிக்கேன்.”

“ஊகிக்காத, ஏளா. என்ன எழுதியிருக்கோ அதச் சொல்லு.”

“சொன்னா நீங்க எல்லாத்தையும் பெயிலாக்கிருவிய.”

இப்படித்தான் எங்கள் சாயங்காலங்கள் போயின. அவளுக்குத் தலைவலி என்றால் என் தாள்கள் காத்திருக்கும். மார்க் எப்போது வரும் என்று பிள்ளைகள் கேட்டால், “வரும், வரும்” என்பேன்.

போன வருடம் எங்கள் பள்ளிக்கு ஒரு கணினி ஆசிரியை வந்தார். சின்ன வயது, பேச்சில் எப்போதும் ஓட்டம். செயற்கை நுண்ணறிவைப் பாடத்துக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று தூத்துக்குடியில் ஒரு பயிற்சி நடந்தது. அதற்குப் போய்விட்டு மறுநாள் காலை ஆசிரியர் அறைக்குள் வந்தவர், பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“சார், உங்க போனக் குடுங்க.”

“எதுக்கு டீச்சர்?”

“குடுங்க சார், சொல்லுதேன்.”

போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கினார். என் மேசையில் இருந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, படம் எடுத்தார். பிறகு போனை என் கையில் வைத்தார். ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பதைப் போல நிதானமாகப் பேசியது.

“இது கோடு போட்ட தாளில் நீல மையினால் கையால் எழுதப்பட்ட விடை. முதல் கேள்விக்கான பதில் பின்வருமாறு.”

பதிலை வாசித்தது. என் மாணவன் ஒருவன் பேனா பிடித்து எழுதிய பதில். நடுவில் யாரும் இல்லை. அவனும் நானும்தான். கணக்கு ஆசிரியர் தம்ளரை மேசையில் வைப்பது கேட்டது.

“இன்னொரு தடவ, டீச்சர்” என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே நான் சும்மா இருக்கவில்லை. பயணச்சீட்டைப் படம் பிடித்து வாசிக்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் மடியில் வைத்திருந்த மக்ரூன் இனிப்பு டப்பாவை வாங்கி, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அந்த மனிதர் முதலில் திகைத்தார். பிறகு அவரே ஆர்வமாகித் தன் மருந்துச்சீட்டை நீட்டினார். அந்தச் சீட்டில் மட்டும் போன் தடுமாறியது. “நமக்கும் அது புரியாதுல்லா” என்று அவர் சமாதானம் சொன்னார். இந்தக் கூத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். திரும்பி நடந்து வரும்போது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்திருக்கிறேன். என் மனைவி வாசலில் நின்று, “என்ன, பதவி உயர்வா?” என்று கேட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் கோயில் திருவிழாவுக்காக மணப்பாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நான் வீட்டிலேயே இருந்துகொண்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு தேர்வு வைத்திருந்தேன். ‘எங்கள் கடற்கரையில் ஒரு மாலை’ என்று கட்டுரை. அந்தக் கட்டு முழுவதையும் நானே திருத்திவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி.

போனைத் தாளுக்கு நேராகப் பிடிப்பதுதான் கஷ்டம். “இடது ஓரம் தெரியவில்லை, போனைச் சற்று உயர்த்தவும்” என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்குக் கணினி ஆசிரியை ஒரு வழி சொல்லியிருந்தார். ஒரு பிஸ்கெட் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, மேலே ஓர் ஓட்டை போட்டு, ஓட்டையின் மேல் போனை வைத்தேன். தாளைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளினால் போதும். பெட்டிக்குள் ஒரு சின்ன விளக்கையும் போட்டேன். எனக்கு வேண்டாத விளக்கு, ஆனால் அதற்கு வேண்டுமே.

சனிக்கிழமை காலை முழுவதும் அந்தப் பெட்டியோடு போயிற்று. தாள் உள்ளே போகும், குரல் வெளியே வரும். “சூரியன் மறையும் வேளையில் படகுகள் கரை திரும்புகின்றன. என் தந்தை கடலிலிருந்து வருகிறார். நாங்கள் மிகுந்த மகிழ்ச்சி அடைகிறோம்.” அடடா, என் பிள்ளைகள் என்னமாய் எழுதுகிறார்கள்! நான் மார்க்கை அள்ளிப் போட்டேன். சிவப்புப் பேனாவால் கடைசிப் பக்கத்து மூலையில் தடவிப் பார்த்து நானே எண்ணை எழுதினேன். மதியம் சோறு வடிக்க மறந்து, பக்கத்துக் கடையில் பரோட்டா வாங்கித் தின்றேன். மனைவிக்குப் போன் போட்டு, “எல்லாத்தையும் முடிச்சுட்டேன்!” என்று கத்தினேன். அங்கே வெடிச்சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தாள்களைக் கொடுத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு விசில். ஒருத்தன் பெஞ்சில் ஏறிக் குதித்தான் போல, பலகை அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கணீரென்ற குரல், வகுப்பில் கேள்வி கேட்பதில் முதல் ஆள்.

“சார், எனக்கு மார்க்கு தப்பாப் போட்டிருக்கிய.”

“குறைச்சிருக்கேனா?”

“இல்ல சார். கூடப் போட்டிருக்கிய.”

“ஏளா, சும்மா உக்காரு” என்று நாலைந்து குரல்கள் அவளை அமுக்கின. அவள் உட்காரவில்லை.

“நான் ‘பள்ளி’க்குச் சின்ன ‘ல’ போட்டு எழுதிட்டேன் சார். எல்லா எடத்துலயும். இப்பத்தான் பக்கத்துல இவ தாளப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க ஒண்ணுமே குறைக்கல.”

சின்ன ‘ல’ போட்டால் அது பல்லி. வீட்டில் பல்லி என்று எதுவும் என் காதில் விழவே இல்லை. “நீ எழுதினத அப்படியே வாசி பாப்போம்” என்றேன்.

அவள் வாசித்தாள். “பல்லி விட்டதும் நாங்க கடக்கரைக்குப் போனோம். எங்கப்பா வள்ளத்துல வாராவ. நாங்க அங்கன ஓடிப்போயி நின்னோம்.”

நான் வீட்டில் கேட்டது இது இல்லை. “பள்ளி முடிந்ததும் நாங்கள் கடற்கரைக்குச் சென்றோம். என் தந்தை படகில் வருகிறார்” என்றுதான் அந்தக் குரல் எனக்கு வாசித்திருந்தது. இன்னொருவனை வாசிக்கச் சொன்னேன். மற்றொருத்தியை வாசிக்கச் சொன்னேன். எல்லாம் இதே கதை. பிள்ளைகள் ஒன்று எழுத, போன் அதைக் குளிப்பாட்டித் தலைசீவிச் சட்டை மாட்டி என்னிடம் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. என்ன நடக்கிறது என்று பிடிபட்டுவிட்டது, இனி இதை மடக்கிவிடலாம் என்ற துடிப்புதான் வந்தது. “கணினி டீச்சரக் கூட்டிட்டு வாங்கலே” என்றேன். ஒரு படையே ஓடியது.

அவர் வந்து விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “அது எழுத்துக்கு எழுத்து பாக்காது சார். இந்த இடத்துல இன்ன வார்த்ததான் வரும்னு அதுவா நினைச்சுக்கிடும். நாம கண்டிச்சுச் சொல்லணும்.”

“எப்படிக் கண்டிக்க?”

“பேசுங்க சார். உங்க மாணவன்ட்ட பேசுத மாதிரி பேசுங்க.”

வகுப்பு முழுவதும் என் மேசையைச் சுற்றி நெருக்கியது. அந்தப் பெண்ணின் தாளைப் படம் எடுத்தோம். நான் போனிடம் சொன்னேன்: “திருத்தாமல் வாசி.”

“நிச்சயமாக. பள்ளி விட்டதும் நாங்கள் கடற்கரைக்குப் போனோம்.”

“தப்பு!” என்று வகுப்பே கத்தியது.

“மன்னிக்கவும். பள்ளி விட்டதும் நாங்க கடற்கரைக்குப் போனோம்.”

“கொஞ்சம் எறங்கி வந்துட்டு சார்” என்றான் ஒருவன். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பிழை இருந்தால் பிழையோடு வாசிக்கச் சொல்லுங்க. எங்க ஊர்ப் பேச்சு இருக்கும்னு முன்னாடியே சொல்லிருங்க. ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்லுங்க. எல்லாவற்றையும் சேர்த்து நான் ஒரு கட்டளையாகச் சொன்னேன். எழுதியவர் பள்ளி மாணவர், எழுத்துப்பிழை இருக்கும், வட்டார வழக்கு இருக்கும், அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை, நீ திருத்தினால் என் வேலை கெட்டுப்போகும், ஆகவே உள்ளது உள்ளபடி வாசி, சந்தேகமான சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்.

பிறகு அந்தச் செய்திக்குரல் அசையாமல் சொன்னது:

“பல்லி விட்டதும் நாங்க கடக்கரைக்குப் போனோம்.”

கூரை பறந்துவிடும் போலக் கூச்சல். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்களாம். “எங்கப்பா வள்ளத்துல வாராவ” என்று அது அடுத்த வரியை வாசித்தபோது சிரிப்பு இன்னும் கூடியது. அந்தப் பளபளப்பான குரலில் ‘வாராவ’ என்ற சொல்லைக் கேட்டதும் நானும் சேர்ந்து சிரித்தேன். என் பிள்ளைகளின் எழுத்து முதன்முறையாக அதன் சொந்த முகத்தோடு என் முன் வந்து நின்றது.

எல்லாத் தாளையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். திரும்பவும் திருத்தினேன். ‘வாராவ’வுக்கும் ‘அங்கன’வுக்கும் நான் மார்க் குறைக்கவில்லை. பல்லிக்குக் குறைத்தேன். அந்தப் பெண்ணுக்கும் குறைந்தது. “பரவால்ல சார், கட்டுரைல இன்னும் நெறைய எழுதிருக்கலாம் நான்” என்றாள். போன் கைவிட்ட சில தாள்கள் இருந்தன. அவற்றை மணப்பாட்டிலிருந்து திரும்பிய மனைவி பெட்டியோடு போட்டி போட்டு வாசித்தாள். “இதுக்கு நான்தான் வேணும், பாத்தியளா” என்று சொல்லும்போது அவள் குரலிலும் குஷி இருந்தது. இப்போது அவளிடம் அந்த மாதிரித் தாள்கள் மட்டும்தான் போகின்றன. மிச்ச சாயங்காலங்களில் இரண்டு பேரும் நடக்கப் போகிறோம்.

அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. கையெழுத்து எப்படி இருக்கிறது என்று போனிடம் கேட்பது. “எழுத்துகள் உருண்டையாகவும் நெருக்கமாகவும் உள்ளன”, “வரிகள் வலப்பக்கம் மேலேறிச் செல்கின்றன” என்று அது சொல்லும். குரலால் மட்டுமே நான் அறிந்த பிள்ளைகளுக்கு இப்படி ஒவ்வொரு கையெழுத்தாகக் கிடைத்தது. மெதுவாகப் பேசும் ஒருத்தி அவ்வளவு பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறாள் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒருநாள் எனக்குத் தோன்றியது, என் எழுத்து எப்படி இருக்கிறது? பாடத் தலைப்பையும் முக்கியச் சொற்களையும் நான் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். அன்றும் எழுதியிருந்தேன். போனைப் பலகை பக்கம் திருப்பினேன். வகுப்பு திடீரென்று அடங்கியது.

“பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டுள்ளது. இரண்டாம் வரியின் மேல் மூன்றாம் வரி ஏறியுள்ளதால் இரண்டையும் வாசிக்க இயலவில்லை.”

“எப்பவுமே இப்படித்தானாலே?” என்று கேட்டேன்.

ஒருவன் சொன்னான்: “நாங்க வாசிச்சுக்கிடுவோம் சார். எங்களுக்குப் பழகிட்டு.”

வருடக்கணக்காக எத்தனை வகுப்புகள் அந்தப் பலகையைப் பார்த்திருக்கும்! ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை, சிரித்ததில்லை. ஆனால் அதை நினைத்து உருக அவர்கள் எனக்கு நேரம் கொடுக்கவில்லை. மறுநாள் காலை நான் போவதற்குள் தூண்டில் நரம்பைப் பலகையின் குறுக்கே, சம இடைவெளியில், விறைப்பாக இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். விரலை வைத்தால் வரி தெரிந்தது. இடது கையால் நரம்பைத் தடவிக்கொண்டே எழுதினேன். “நேரா இருக்கு சார்! நேரா இருக்கு!” என்று கத்தினார்கள்.

உடன்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் என் நண்பர் ஒருவர் சமூக அறிவியல் ஆசிரியர். அவருக்கும் பார்வை இல்லை. பிறவியிலிருந்தே. நடந்ததை எல்லாம் போனில் சொன்னேன்.

“அண்ணாச்சி, நெசமாவா சொல்லுதிய? கையால எழுதினதயா?”

“கையால எழுதினதத்தான். இப்பவே பாருங்க.”

எதை இறக்க வேண்டும், பெட்டியை எப்படி வெட்ட வேண்டும், போனிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் வீட்டில் கத்தரிக்கோல் தேடும் சத்தம், அட்டை கிழியும் சத்தம், ‘கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க’ என்ற பதற்றம் எல்லாம் எனக்குக் கேட்டன. அப்புறம் தூரத்தில் அந்தக் குரல். ஏதோ ஓர் ஆற்றைப் பற்றிய விடை. தட்டுத்தடுமாறி எழுதிய ஒரு பிள்ளையின் வரிகள்.

“கேட்டியளா?” என்றேன்.

“கேட்டேன்” என்றார். உடனே சிரித்தார். “அண்ணாச்சி, இங்கன ஒரு கட்டு கெடக்கு. நீங்க போன வைங்க, நான் அடுத்ததப் போடுதேன்.”

நான் பதில் சொல்வதற்குள் அவரே வைத்துவிட்டார்.