பைக்குள் மீன்முள்

லிஃப்டில் வாடகை வீட்டுச் சிறுமியின் புத்தகப் பையிலிருந்து வந்த சாளை மீன் நாற்றம், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் கோட்டாற்றுக் காம்பவுண்டுக்கு என்னை இழுத்துப்போனது. ஐந்து குடித்தனத்துக்கு ஒரே குப்பைத்தொட்டி. மீன் சமைக்கக் கூடாதென்ற வீட்டுக்காரம்மா, தினமும் அதைக் கம்பால் கிளறிக் குனிந்து மோந்து பார்ப்பாள். அதனால் அம்மா, ஒளித்து மீன் சமைத்தால், மறுநாள் காலையில் முள்ளையும் செதிலையும் பொதிந்து என் பள்ளிக்கூடப் பையில் திணிப்பாள்.

“சந்தைப் பக்கம் எறிஞ்சிரு மக்கா, ஆரும் பாத்திரப்பிடாது, கேட்டியா?”

கசிந்த நீரில் பாடப்புத்தகமெல்லாம் நாறும்.

சிறுமி பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவள் தலைக்கு மேல், ‘அசைவம் சமைக்கக் கூடாது’ என்று குடியிருப்புச் சங்கச் செயலாளராக நான் கையெழுத்திட்டு ஒட்டிய நோட்டீஸ் இருந்தது.